முதியோர் மறதியும் மாத்திரை வியாபாரமும்

(திருநெல்வேலியில் நடைபெற்ற பொதுக்கூட்டம் ஒன்றில் பேசியது)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், வயது முதிர்ந்தவர்களுக்கு உண்டாகும் மறதியைப் பற்றியும், அதைப் போக்குவதாகச் சொல்லி விற்கப்படும் சத்து மாத்திரை, டானிக், சூரணம் முதலியவைகளைப் பற்றியுமாகும். சாமியையும் சாதியையும் சடங்கையும் பற்றிப் பேசுகிற மேடையில் மருந்துக்கடைச் சங்கதி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நான் வைத்தியனுமல்ல. ஆனால், நம்பிக்கையின் பேரால் நம் ஜனங்களின் காசைப் பறிக்கிறவன் கையில் இருப்பது விபூதித் தட்டாய் இருந்தாலென்ன, மாத்திரை டப்பியாய் இருந்தாலென்ன? "இதற்கு என்ன ருசு?" என்று கேட்பது நம்முடைய வேலையேயாகும்.

முதலில் வியாதி இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். அறுபது, எழுபது வயதில் சாவியை வைத்த இடம் மறப்பதும், தெரிந்தவர் பெயர் சட்டென்று வாயில் வராமல் நிற்பதும் யாருக்கும் உள்ளதே. மற்றொரு கோடியில் டிமென்ஷியா என்னும் மறதி நோய் இருக்கிறது. அதில் குளிப்பது, உடுப்பது, பணம் எண்ணுவது ஆகிய அன்றாடக் காரியங்களே தடுமாறிப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. சொன்னதையே சொல்வது, நேற்று நடந்தது நினைவுக்கு வராமற் போவது என்று வீட்டார் கண்ணுக்கே வித்தியாசம் தெரியும். சோதித்துப் பார்த்தாலும் வயதுக்கு மிஞ்சின குறைவு தெரியும். ஆனாலும் ஆள் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். இதைத்தான் இலேசான அறிவுத் தளர்ச்சி என்கிறார்கள். இந்த நிலையில் இருப்பவர்களில் ஒரு பங்கு பேர் வருஷந்தோறும் மறதி நோய்க்குள் போகிறார்கள். பலர் பல வருஷம் அப்படியே இருக்கிறார்கள். சிலர் பழைய நிலைக்கே திரும்பியும் விடுகிறார்கள். இந்தக் கடைசிச் சங்கதியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரத்தின் மூலதனம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரையில் உள்ள ஆற்றங்கரை ஊர்களில் இதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். உலை வைத்ததை ஆச்சி மறந்துபோனால், "ஆச்சிக்கு வயசாயிட்டுல்லா" என்று ஒரே பேச்சில் முடித்து மூலையில் உட்கார வைப்பவர்கள் ஒரு சாரார். காற்று கருப்பு, செய்வினை என்று குறி கேட்டு, எலுமிச்சம்பழமும் சேவலும் செலவழிப்பவர்கள் மற்றொரு சாரார். மூன்றாவது சாரார் படித்தவர்கள். சென்னையிலோ பம்பாயிலோ துபாயிலோ இருக்கிற மகன், பெற்றவளைப் பக்கத்திலிருந்து பார்க்க முடியவில்லையே என்ற மனக்குறைக்காக, மூளைச் சத்து மாத்திரை வாங்கி அனுப்புகிறான். முன்பெல்லாம் செத்த பிறகுதான் பிண்டம் வைப்பார்கள். இப்போது உயிரோடிருக்கையிலேயே டப்பியில் வருகிறது. இந்த மூன்று சாராரும் செய்யாத காரியம் ஒன்றே. மறதிக்குக் காரணம் என்ன என்று அவர்கள் கேட்பதில்லை.

"எங்கள் மாமா சாப்பிட்டார், மூன்றே மாதத்தில் தெளிந்துவிட்டார், இதைவிட என்ன ருசு வேண்டும்?" என்கிறார்கள். தோழர்களே! மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோவிலில் ஆடி அமாவாசைக்கு எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே வேண்டுதல் பலித்ததென்று மரத்தில் மணி கட்டுகிறார்கள். பலித்தவன் மணி கட்டுகிறான், சரி. பலிக்காதவன் எதைக் கட்டுவான்? அவன் சங்கதி எந்த மரத்திலும் தொங்குவதில்லை. அதுபோலவே, மாத்திரை சாப்பிட்டும் மறதி முற்றிப்போன மாமாக்களின் படம் விளம்பரத்தில் வருவதில்லை. தானாகவே திரும்பக்கூடியவர்கள் சிலர் உண்டென்று முன்பு சொன்னேனல்லவா? அவர்கள் அந்தச் சமயத்தில் விபூதி பூசியிருந்தால் பெருமை சாமிக்கு; மாத்திரை விழுங்கியிருந்தால் பெருமை கம்பெனிக்கு.

ஆகவே, ருசு என்பது வேறுவிதமாக இருக்கவேண்டும். ஒரே மாதிரியான ஆயிரம் பேரை எடுத்துக் குலுக்கல் முறையில் இரண்டு பங்காக்கி, ஒரு பங்குக்கு உண்மை மாத்திரையும், மறு பங்குக்கு அதே நிறம், அதே உருவமுள்ள வெற்று மாத்திரையும் கொடுத்து, கொடுப்பவனுக்கும் சாப்பிடுபவனுக்கும் எது எதுவென்று தெரியாமல் வைத்து, வருஷக்கணக்கில் பார்த்துப் பிறகு எண்ணவேண்டும். இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

ஜிங்கோ என்று சீன தேசத்து மரம் ஒன்று. அதன் இலைச்சாறு ஞாபகசக்திக்கு என்று உலகமெங்கும் விற்கிறது. அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட 3069 பேருக்கு ஆறு வருஷம் போல் கொடுத்துப் பார்த்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். இவர்களில் இலேசான அறிவுத் தளர்ச்சி உள்ளவர்களும் 482 பேர் இருந்தார்கள். ஜிங்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கு மறதி நோய் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கு வந்தது. அதாவது, ஒன்றும் சாப்பிடாதவனைவிட ஒரு பலனுமில்லை. வைட்டமின் ஈ என்பதை, இலேசான அறிவுத் தளர்ச்சி உள்ளவர்களிடமே சோதித்து 2005-ல் சொன்னார்கள். 769 பேரை மூன்று வகுப்பாக்கி மூன்று வருஷம் பார்த்ததில், அது நோயைத் தடுக்கவில்லை. மீன் எண்ணெய் மாத்திரையை சுமார் நாலாயிரம் முதியவர்களிடம் அய்ந்து வருஷம் பார்த்து 2015-ல் சொன்னார்கள். அறிவுத் தளர்ச்சி அதனாலும் குறையவில்லை. இவைகளையெல்லாம் ஒன்றுகூட்டிப் பார்த்து, மறதி நோயின் அபாயத்தைக் குறைக்கவென்று பி வைட்டமின்கள், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய்க் கொழுப்பு, பல சத்துக் கலவை இவற்றைச் சிபாரிசு செய்யக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் எழுதிவிட்டது.

இதைவிட வேடிக்கை ஒன்று. கடலில் மிதக்கும் ஜெல்லி மீனில் உள்ள ஒரு புரதத்தை மாத்திரையாக்கி, பிரெவஜென் என்று பெயரிட்டு, அமெரிக்காவில் கோடிக்கணக்கில் விற்றார்கள். கம்பெனிக்காரர்களே நடத்திய சோதனையில் மொத்தத்தில் பலன் தெரியவில்லை. உடனே அந்தக் கணக்கையே துண்டுதுண்டாக வெட்டி, எந்தத் துண்டிலாவது பலன் தெரிகிறதா என்று தேடினார்கள். 2017-ல் அந்நாட்டு அரசாங்க வர்த்தகக் கமிஷனும் நியூயார்க் மாகாணமும் வழக்குப் போட்டன. ஞாபகசக்தி வளரும் என்று இனிச் சொல்லக்கூடாது என்று 2024 டிசம்பரில் நீதிமன்றம் தடுத்தது. ஏழு வருஷ காலமும் விளம்பரம் நடந்துகொண்டுதான் இருந்தது! அல்வாவுக்குப் பேர் போனது திருநெல்வேலி என்கிறார்கள். இந்தக் கம்பெனிகள் கொடுத்த அல்வாவுக்கு முன்னால் நம்முடையது எம்மாத்திரம்?

எதிர்க்கட்சிக்குள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பல சத்தும் கலந்த சாதாரண வைட்டமின் மாத்திரையை 65 வயதுக்கு மேற்பட்ட 2262 பேரிடம் மூன்று வருஷம் சோதித்து, கொஞ்சம் பலன் தெரிந்ததாக 2022-ல் சொன்னார்கள். அது அமெரிக்கர்களிடம் கண்ட சிறு வித்தியாசம். நோயே வராமல் தடுக்குமா என்பது அதில் தீரவில்லை. இலண்டனுக்குப் பக்கத்து ஆக்ஸ்போர்டில், இலேசான அறிவுத் தளர்ச்சி உள்ள முதியவர்களுக்குப் போலிக் அமிலம், பி12, பி6 மூன்றையும் இரண்டு வருஷம் கொடுத்து, படம் எடுத்துப் பார்த்த 168 பேரில், மூளை சுருங்கும் வேகம் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்ததாக 2010-ல் கண்டார்கள். நல்ல செய்திதான். ஆனால் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தார் 2014-ல், பதினொரு சோதனைகளில் உள்ள 22,000 பேரின் கணக்கை ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தபோது, இந்த வைட்டமின்களால் நினைவும் யோசனையும் தளர்வது நிற்கவில்லை என்று தெரிந்தது. விளம்பரக்காரன் முதல் செய்தியை மட்டும் அச்சடிப்பான்.

அப்படியானால் சத்து என்பதே பொய்யா என்று கேட்பீர்கள். பொய்யல்ல. இங்கேதான் புத்தியைச் செலுத்தவேண்டும். குறைந்தவனுக்குச் சத்து மருந்து. நிறைந்தவனுக்கு அது வெறும் செலவு. நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் 2023 டிசம்பரில் தாமிரபரணி புரண்டுவந்து ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயல்களெல்லாம் முழுகிக் கிடந்தபோது, மடையை இன்னும் கொஞ்சம் திறந்துவிடு என்று எவனாவது சொல்லியிருந்தால் அவனை என்னவென்று சொல்லியிருப்பீர்கள்?

குறைவு என்பதைக் கண்டுபிடித்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்பவர் 1920-களில் இந்தியாவின் பல பாகத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பஞ்சாபிக் கோதுமையும் பாலும் தின்ற எலி கொழுத்தது; நம் சென்னை மாகாணத்துத் தீட்டிய அரிசி தின்ற எலி மெலிந்தது. லூசி வில்ஸ் என்ற பெண் வைத்தியர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளான மில் கூலிப் பெண்களின் இரத்தச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அது தீர்வதை 1931-ல் எழுதினார். அதிலுள்ள சத்துத்தான் பிற்பாடு கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டதல்ல. பட்டினி கிடந்த பெண்களின் இரத்தத்தை எண்ணிக் கண்டது.

மறதிக்கு மிகவும் சம்பந்தப்பட்ட சத்து பி12 என்பது. 1948-ல் தனியாகப் பிரிக்கப்பட்டது. அது குறைந்தால் இரத்தம் கெடும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், மறதியும் வரும். இதைக் கிழத்தனம் என்று விட்டுவிட்டால் நரம்புக் கெடுதல் திரும்பாமலே நின்றுவிடக்கூடும். காலத்தில் கண்டால் மலிவான ஊசியிலும் மாத்திரையிலும் சரிக்கட்டலாம். இது யாருக்குக் குறைகிறது? வயதானவர்களுக்கு வயிறு இதைச் சரியாய்ப் பிரித்தெடுப்பதில்லை. சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்குக் குறையும். வயிற்றுப் புளிப்புக்கான மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவர்களுக்கும் குறையும். அப்புறம், இந்த ஜில்லாவில் கொஞ்சம் கசப்பாய் இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், சுத்த சைவர்களுக்குக் குறையும்.

ஏனெனில், பி12 கீரையில் இல்லை, பருப்பில் இல்லை, பழத்தில் இல்லை. மீனில் இருக்கிறது, முட்டையில் இருக்கிறது, ஈரலில் இருக்கிறது, பாலிலும் தயிரிலும் ஓரளவு இருக்கிறது. சாளைக் கருவாட்டு வாடை வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதைத் தின்கிற ஜாதியைத் தெருவுக்குள் விடாத ஊர்கள் இந்த ஆற்றங்கரையில் எத்தனை இருந்தன! அந்தக் கருவாட்டிலுள்ள சத்தைத்தான் இன்று சிவப்புத் தண்ணீராய்ப் புட்டியில் அடைத்துக் குத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவர் மரக்கறி சாப்பிடுவது அவருடைய இஷ்டம். அதை நான் குறை சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு மேல்ஜாதி, கீழ்ஜாதி பிரிப்பதைத்தான் சொல்கிறேன். வயிற்றுக்கு ஜாதி தெரியாது. மரக்கறிக்காரர்கள் பயப்படவும் வேண்டாம். மருந்துக்கடை பி12 கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை வளர்த்து எடுப்பது. ஆடு மாடு எதுவும் சாவதில்லை. ஆச்சாரம் கெடாமலே ஊசி போட்டுக்கொள்ளலாம்.

ஆனால், இரத்தத்தைச் சோதித்துக் குறைவென்று தெரிந்த பிறகு போடவேண்டும். குறையாதவனுக்குப் போட்டால் மறதி தீராது என்பதுதான் அந்த 22,000 பேரின் கணக்கு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மறதி வரும். மனச்சோர்வினாலும் வரும். தூக்க மாத்திரையாலும், சில சளி மாத்திரைகளாலும் வரும். சாராயத்தால் வரும், குடித்துச் சாப்பாட்டை விட்டவனுக்கு வைட்டமின் பி1 அற்றுப்போய், நேற்றைய நாளே நினைவில்லாமற் போகிற ஒரு நோய் உண்டு. இவ்வளவும் கண்டுபிடித்து மாற்றக்கூடியவை. மூளை டானிக்கின் உண்மையான கெடுதல் காசு போவது மட்டுமல்ல. டானிக் சாப்பிடுகிறாரே, சரியாகிவிடும் என்று சும்மா இருக்கிற ஆறு மாதத்தில் இந்தக் காரணங்களெல்லாம் முற்றிவிடுகின்றன.

இனி நம் சொந்தச் சரக்கு. அகத்தியர் பெயரைச் சொன்னால் பொதிகை மலை அடிவாரத்தில் கேள்வி நின்றுவிடுகிறது. குற்றாலச் சீசனில் வல்லாரைச் சூரணம் விற்பவனிடம் போய் ருசு கேட்டால் அகத்தியரையே காட்டுவான். வல்லாரைக்குத் தெலுங்கில் சரஸ்வதி இலை என்று பெயர். கல்விக்குத் தெய்வத்தையும் அதற்கு ஓர் இலையையும் வைத்திருந்த நாட்டில், நூறு வருஷத்துக்கு முன் எத்தனை பெண்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தது? வடக்கே பிரம்மி என்ற ஒரே பெயரில் வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் ஆகிய இரண்டு வேறு செடிகள் விற்கப்படுகின்றன. நீர்ப்பிரம்மியைச் சிறுசிறு கூட்டங்களிடம் மூன்று மாதம் போல் சோதித்ததில், சிலவற்றில் நினைவு சற்றுக் கூடியதாகத் தெரிகிறது. பெரும்பாலும் நோயில்லாதவர்களிடம் செய்தவை. வல்லாரையைப் பற்றிய சோதனைகளை 2017-ல் தொகுத்துப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை. நம் மூலிகை என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம், நம் மூலிகை என்பதற்காகக் கொள்ளவும் வேண்டாம். பாளையங்கோட்டையிலேயே அரசாங்கச் சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆயிரம் பேர், வெற்று மாத்திரை, அய்ந்து வருஷம் என்று அவர்கள் எண்ணிக் காட்டட்டும். முதலில் கைதட்டுகிறவன் நானாயிருப்பேன்.

இயற்கைச் சரக்குக் கெடுதல் செய்யாது என்பதும் பொய். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் ஜிங்கோவும் சாப்பிட்டால் இரத்தக் கசிவுக்கு இடமுண்டு. பி6 மிஞ்சினால் நரம்பே கெடும். வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று நோய் நூற்றுக்கு பதினேழு பங்கு அதிகமானதாக 35,000 பேரிடம் நடந்த சோதனையில் 2011-ல் தெரிந்தது. இணைய வழியில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை அமெரிக்காவில் சோதித்து, அய்ந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்ததாக 2008-ல் எழுதினார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. மூளை வியாதிகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954-ஆம் வருஷத்து மருந்து, மந்திர வைத்திய விளம்பரச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகையால் கெட்டிக்காரர்கள் "வியாதி" என்று சொல்வதில்லை. "மூளையின் நலத்துக்கு", "நினைவாற்றலுக்குத் துணை" என்று சொல்கிறார்கள். டப்பியின் மேல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண் இருக்கும். அது வியாபாரம் செய்ய லைசென்சு. மறதி தீரும் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

சரி, மாத்திரைக் காசை எதில் போடுவது? இரத்த அழுத்தத்தில் போடுங்கள். 9361 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான சோதனையில், அழுத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்தவர்களுக்கு இந்த இலேசான அறிவுத் தளர்ச்சி வருவதே நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைந்தது. எவ்வளவு குறைப்பது என்பது வைத்தியர் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுத்தார்கள். இலவசம் என்பதால்தானோ என்னவோ அதை அலமாரியில் போட்டுவிட்டு, ஆயிரம் ரூபாய் டப்பியைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம்! காது கேளாதவருக்குக் காதுக் கருவி வாங்குங்கள். 2023-ல் வெளியான சோதனையில் மொத்தக் கூட்டத்தில் வித்தியாசமில்லை. மறதிக்கு அதிக இடமுள்ளவர்களிடம் தளர்ச்சி ஏறக்குறைய பாதியாய்க் குறைந்தது. கண்ணில் புரை இருந்தால் எடுத்துவிடுங்கள். பீடியை விடுங்கள். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றிப் பிழைக்கும் தாய்மார்கள் என்னைக் கோபிக்கக்கூடாது. அந்தக் கூலியைவிட நல்ல கூலி அவர்களுக்கு வேண்டுமென்பதே என் கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமாக, 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் கணக்கிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கும், படித்தவர்களைவிடப் படியாதவர்களுக்கும் அதிகம். சிறுவயதில் படிப்பில்லாமை இந்த நோய்க்கு ஒரு காரணம் என்று உலக நிபுணர்களின் குழு 2024-லும் எழுதியிருக்கிறது. பெண்ணுக்கும் உழைக்கிற ஜாதிக்கும் படிப்பு எதற்கு என்று சாஸ்திரம் சொல்லிற்றே, அதன் வட்டி எழுபது வயதில் வந்து விழுகிறது. இதற்கு எந்தக் கம்பெனியிடம் மாத்திரை இருக்கிறது?

சீட்டுகள் வந்திருக்கின்றன. "தனிமை கெடுதல் என்கிறார்களே, அமாவாசைக்குப் பாபநாசம் போய் நாலு பேரோடு பழகுவது மறதிக்கு நல்லதுதானே?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நாலு பேரோடு பழகுவது நல்லதுதான். ஆனால் புருஷன் செத்த மறுநாளிலிருந்து அந்த நாலு பேரில் யார் அவளை முன்னால் வரவிட்டார்கள்? கல்யாண வீட்டில் அவள் எதிரே வரக்கூடாது, பேத்தியின் சடங்கில் தட்டைத் தொடக்கூடாது என்று முப்பது வருஷம் மூலையில் உட்கார வைத்துவிட்டு, பேச்சுத் தடுமாறுகிறது என்று டானிக் வாங்குகிறோம். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் சாயங்காலம் ஒரு மணி நேரம் கிழவிகளுக்கென்று பெஞ்சு போடுங்கள்; ஒரு பையன் பத்திரிகையைச் சத்தமாய்ப் படிக்கட்டும்; அவர்கள் சண்டை போடட்டும்.

"வல்லாரைத் துவையல் சாப்பிடலாமா?" என்று மற்றொரு சீட்டு. தாராளமாய். ருசிக்காகச் சாப்பிடுங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் முருங்கைக் கீரையும் சாப்பிடுங்கள். போலிக் சத்து அவற்றில் உண்டு.

"தாயாரை எங்கே காட்டுவது?" என்று கடைசிச் சீட்டு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை, சூரணம், லேகியம், தூக்க மருந்து, மகன் அனுப்பின டப்பி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் வைத்தியர் மேசையில் கொட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, பி12, தைராய்டு இந்த நான்கையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.